ராஜினாமா எழுதிக் கொடுப்பதற்கு முன்: பார்வை குறைந்தவர்களுக்கு அரசிடமிருந்து கிடைப்பவை, அவற்றைக் கேட்கும் வரிசை

அம்பத்தூரிலிருந்து ஒரு தங்கை கேட்டிருந்தார். அவருடைய அப்பாவுக்கு 54 வயது. ஏற்றுமதி ஆடை கம்பெனி ஒன்றில் இருபது வருடமாக செக்கர் வேலை. க்ளாகோமா என்னும் கண் அழுத்த நோயால் பார்வை குறைந்துகொண்டே வருகிறது. தைத்த துணியில் உள்ள பிழை கண்ணில் படுவதில்லை, மெஷின்களுக்கு நடுவே நடந்தால் இடித்துக்கொள்கிறார். "முடியலன்னு நீங்களே எழுதிக் கொடுத்துடுங்க, செட்டில்மென்ட் சீக்கிரமா வாங்கித் தர்றோம்" என்கிறார்களாம் அலுவலகத்தில். ராஜினாமா செய்துவிட்டு மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு எழுதிப் போடலாமா, மாதம் எவ்வளவு வரும், வேறு என்னென்ன கிடைக்கும் என்பது அவர் கேள்வி.

தங்கை, அப்பாவை எதிலும் கையெழுத்துப் போட விடாதீர்கள். இந்த வாரமே போட்டாக வேண்டும் என்று யார் சொன்னாலும் சரி. அவருக்கு வரவேண்டிய பணத்தில் பெரிய பங்கு, வேலையில் இருக்கும்போதே கேட்டால்தான் முழுதாக வரும். மாத உதவித்தொகை அதற்கு அப்புறம். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் வேலையை விடுகிறார்கள், பிறகு தாலுகா ஆபீசுக்கு அலைகிறார்கள், கடைசியில்தான் கண் ஆஸ்பத்திரி சர்டிபிகேட்டைப் பற்றி யோசிக்கிறார்கள். சர்டிபிகேட்தான் முதல் வேலை. அதில் எழுதப்படும் சதவீதம்தான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

எனவே அதை விளக்கமாகச் சொல்கிறேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்வை இழப்பை இரண்டாகப் பிரிக்கிறது: பார்வையின்மை, குறைந்த பார்வை. இரண்டையும் அளக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எல்லோருக்கும் தெரிந்த எழுத்துப் பலகை. கண்ணாடி போட்டும் நல்ல கண்ணில் எவ்வளவு தெரிகிறது என்று பார்ப்பது. இன்னொன்று பார்வைப் புலம், அதாவது நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சுற்றிலும் எவ்வளவு அகலத்துக்குத் தெரிகிறது என்பது. க்ளாகோமா, மாலைக்கண்ணில் தொடங்கும் பரம்பரை விழித்திரை நோய் போன்றவற்றில் பலகை வாசிப்பு கடைசிவரை ஓரளவு நன்றாகவே இருக்கும். புலம்தான் ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வரும். குழாய் வழியாகப் பார்ப்பதைப் போல என்று நோயாளிகளே சொல்வார்கள்.

இதில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். நான் கூட்டிக்கொண்டு போன ஒரு பெரியவர் பலகையில் கடைசிக்கு முந்தின வரிவரை தட்டுத் தடுமாறாமல் வாசித்தார். வாசித்து முடித்து எழுந்தவர், பக்கத்திலேயே இருந்த ஸ்டூலில் மோதி விழப் பார்த்தார். வாசித்ததை மட்டும் கணக்கில் எடுத்திருந்தால் அவருக்குப் பூஜ்யம் போட்டு அனுப்பியிருப்பார்கள். "சார், இவருக்கு ஃபீல்டு டெஸ்ட் பண்ணிப் பாருங்க" என்று கேட்ட பிறகு வந்த முடிவு வேறு. உங்கள் அப்பா இடித்துக்கொள்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே பெரிமெட்ரி என்னும் பார்வைப் புலப் பரிசோதனை முடிவு இல்லாமல், சான்றிதழ் தரும் மருத்துவக் குழு முன்னால் போய் நிற்காதீர்கள்.

மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் உள்ள கணக்கு ஏறக்குறைய இப்படிப் போகிறது. (6/24 என்றால், நல்ல பார்வை உள்ளவருக்கு 24 மீட்டரில் தெரியும் எழுத்து இவருக்கு 6 மீட்டரில்தான் தெரிகிறது என்று அர்த்தம்.) நல்ல கண்ணில் கண்ணாடியோடு 6/24 முதல் 6/60 வரை, அல்லது புலம் 40 டிகிரிக்குக் கீழே 20 வரை என்றால் 40 சதவீதத்தில் தொடங்கும். புலம் 20க்குக் கீழே 10 வரை சுருங்கியிருந்தால் 70. பத்து டிகிரிக்கும் கீழே போய்விட்டால், பலகையில் எத்தனை வரி வாசித்தாலும், 90. வெளிச்சம் மட்டும் தெரிந்தாலும் ஒன்றுமே தெரியாவிட்டாலும் 100. ஒரு கண் முழுவதும் போய் மறு கண் நன்றாக இருந்தால் 30தான். பெரும்பாலான திட்டங்களுக்கு வாசற்படி 40 என்பதால், ஒற்றைக்கண் பார்வை உள்ளவர்கள் வெளியிலேயே நிற்கிறார்கள். இது நியாயமில்லை என்பது என் கருத்து. ஆனால் இன்றைய விதி அதுதான்.

சர்டிபிகேட்டை அரசு மருத்துவர்தான் தர வேண்டும். தனியார் மருத்துவமனையின் ரிப்போர்ட்டுகளைக் காட்டலாம், அவை உதவும், ஆனால் அவையே சான்றிதழ் ஆகாது. சென்னையில் இதற்குப் பெரும்பாலும் எல்லோரும் போவது எழும்பூர் அரசு கண் மருத்துவமனை. 1819இல் தொடங்கியது, ஆசியாவிலேயே மிகப் பழைய கண் மருத்துவமனை அது. காலையில் சீக்கிரமே போய்ச் சீட்டு போட்டுவிடுங்கள். பழைய கேஸ் ஷீட், பிரஷர் அளந்த குறிப்புகள், ஏற்கனவே எடுத்த புலப் பரிசோதனைப் பிரிண்டுகள், ஆபரேஷன் நடந்திருந்தால் அதன் டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துச் செல்லுங்கள். நோய் பழையது, மேலும் மேலும் மோசமாகிறது என்பதை அந்த அடுக்கே சொல்லிவிடும். கண்புரை மாதிரி சரிசெய்யக்கூடிய காரணம் ஏதாவது சேர்ந்திருந்தால், முதலில் ஆபரேஷன் செய்துகொண்டு வரச் சொல்வார்கள். அதில் கோபப்பட ஒன்றுமில்லை. அரசு மருத்துவமனையில் அது இலவசம்.

கூடவே யுடிஐடி எனப்படும் தனித்துவ அடையாள அட்டைக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம், இ-சேவை மையத்திலும் செய்து தருவார்கள். 40க்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80க்குக் கீழ்வரை மஞ்சள், 80உம் அதற்கு மேலும் நீலம் என்று அட்டையில் நிறக்கோடு இருக்கும். இங்கே ஒரு சின்ன விஷயம் பெரிய தலைவலி ஆகும்: இனிஷியல். ஆதாரில் இனிஷியல் பின்னால், ரேஷன் ஸ்மார்ட் கார்டில் முன்னால், பேங்க் பாஸ்புக்கில் அப்பா பெயரே முழுதாக, வருங்கால வைப்பு நிதியான பி.எஃப்.பில் பிறந்த வருடம் வேறு என்று இருக்கும். எல்லாவற்றையும் ஆதாரோடு ஒத்துப்போகும்படி முதலிலேயே திருத்திவிட்டு விண்ணப்பம் போடுங்கள். இன்னொன்று, அம்பத்தூர் 2018இல்தான் சென்னை மாவட்டத்துக்குள் வந்தது. உங்கள் பழைய காகிதங்களில் திருவள்ளூர் மாவட்டம் என்று இருக்கலாம். விண்ணப்பத்தில் சென்னையைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் ஃபைல் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும்.

அடுத்தது வேலை. இருபது வருடம் கம்பெனியில் இருந்தவருக்குத் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யும் பி.எஃப்.பும் பிடித்திருப்பார்கள். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் அப்பா இப்போதும் இ.எஸ்.ஐ.யில் இருக்கிறார். வழக்கமான 91 நாள் நோய்க்காலப் பணத்துக்கு அப்புறம், நீண்டகால நோய்கள் என்று ஒரு பட்டியல் அவர்களிடம் உண்டு. க்ளாகோமாவும், விழித்திரை கழன்று பிரிந்துவிடும் நோயும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. குறைந்தது இரண்டு வருடம் தொடர்ந்து வேலையில் இருந்து சந்தா சரியாகக் கட்டப்பட்டிருந்தால், அவரால் வேலை செய்ய முடியவில்லை என்று இ.எஸ்.ஐ. டாக்டர் சான்று தரும் காலத்துக்குச் சராசரிச் சம்பளத்தில் 80 சதவீதம், இரண்டு ஆண்டுகள் வரை கிடைக்க வழி இருக்கிறது. அம்பத்தூர்க்காரர்களுக்கு அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனை பக்கம். உங்கள் டிஸ்பென்சரியில் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போய் இதைக் கேட்டால், "எந்த வேலைக்கு லீவு?" என்றுதான் கேட்பார்கள்.

பி.எஃப். பக்கம் இன்னும் முக்கியமான ஒன்று இருக்கிறது. 1995ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் ஊனத்துக்கான ஓய்வூதியம் தனியாக உண்டு. பணியில் இருக்கும்போது, அதுவரை செய்ய முடிந்த எந்த வேலையையும் இனிச் செய்யவே முடியாது என்ற நிலை நிரந்தரமாக வந்துவிட்டால், அது கம்பெனி விபத்தால் வந்ததா நோயால் வந்ததா என்று பார்க்காமல் கிடைக்கும். ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே போதும். இருபது வருடம் கட்டியவருக்கு இதனால் என்ன கூடுதல் லாபம் என்று கேட்பீர்கள். 58 வயதுக்கு முன்னால் சாதாரணமாக ஓய்வூதியம் கேட்டால், குறையும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் பிடித்துவிடுவார்கள். அப்பா 54இல் கேட்டால் நான்கு வருடப் பிடித்தம், அதுவும் ஆயுள் முழுவதற்கும். ஊன ஓய்வூதியத்தில் அந்தப் பிடித்தம் கிடையாது. ஆனால் ஓய்வூதியம் கேட்கும் 10-டி படிவத்தில் எந்த வகை என்ற கட்டத்தை நிரப்பித் தருபவர், பழக்கதோஷத்தில் "முன்கூட்டிய ஓய்வூதியம்" என்று போட்டுவிடுவார். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கட்டத்தைப் பார்க்க வேண்டும். பி.எஃப். அலுவலகம் சொல்லும் மருத்துவக் குழு முன்னால் ஒருமுறை போக வேண்டியிருக்கும், அதற்குத் தயாராக இருங்கள். பி.எஃப்.பில் சேர்ந்திருக்கும் தொகையையும் இந்தக் காரணத்தைச் சொல்லி முழுவதும் எடுக்கலாம்.

பணிக்கொடை இருபது வருடத்துக்கு எப்படியும் உண்டு, வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்ற கணக்கில். அதைக் கம்பெனி தயவாகத் தருவதாகப் பேசினால் நம்பாதீர்கள், சட்டப்படி தர வேண்டியது. ஐந்து வருடம் முடியாதவர்கள்கூட ஊனத்தால் வேலை போனால் பணிக்கொடை கேட்கலாம். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆகவே வேலையை விடும் நாள் வந்தால், கடிதத்தில் "சொந்தக் காரணம்" என்று எழுதக் கூடாது. பார்வை இழப்பால் பணியைத் தொடர இயலவில்லை என்று எழுதி, மருத்துவச் சான்றின் நகலையும் இணைத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மேலே சொன்ன பணத்துக்கெல்லாம் அந்த ஒரு வரிதான் ஆதாரம்.

அரசு அலுவலகத்திலோ அரசு நிறுவனத்திலோ வேலை பார்ப்பவர் என்றால் கதையே வேறு. அதே 2016 சட்டத்தின் 20ஆம் பிரிவு, பணிக்காலத்தில் ஊனம் வந்தவரை வேலையை விட்டு அனுப்பவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. அதே சம்பளத்தில் செய்யக்கூடிய வேறு வேலை தர வேண்டும். அப்படி எதுவும் இல்லையென்றால் ஓய்வு வயதுவரை கூடுதல் பணியிடம் உருவாக்கியாவது வைத்துக்கொள்ள வேண்டும். அரசு வேலையில் இருப்பவர்கள் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு பொறுப்பதில்லை.

இப்போது நீங்கள் கேட்ட மாத உதவித்தொகை. தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஓய்வூதியம் 2023 ஜனவரியிலிருந்து 1,500 ரூபாய், அதற்கு முன் ஆயிரம். பதினெட்டு வயதுக்கு மேல், 40 சதவீதமும் அதற்கு மேலும். இதைத் தருவது வருவாய்த் துறை. இ-சேவையில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணை முடிந்து, தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கான தனி வட்டாட்சியரிடம் போகும். அங்கே குடும்ப வருமானத்தையும் பார்ப்பார்கள். பி.எஃப். ஓய்வூதியம் வருவதாக இருந்தால் மறைக்காதீர்கள். பின்னால் தெரிந்தால் நிறுத்துவதோடு கொடுத்ததையும் திருப்பிக் கேட்பார்கள். வீட்டில் வந்து விசாரிக்கும் நாளில் அப்பா வீட்டில் இருக்கட்டும், அசல் சான்றிதழ்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

"2,000 ரூபாய் தருகிறார்களாமே" என்று யாராவது சொல்வார்கள். அது வேறு பணம். மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை அது. அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய் பாதிப்பு போன்ற குறிப்பிட்ட நிலைகளுக்கானது. பார்வை இழப்பு மட்டும் உள்ளவர்களுக்கு 1,500தான். சென்னையில் இந்த 1,500 வாடகையின் ஓரத்தைக்கூடத் தொடாது. முழுப் பார்வையற்ற ஒருவர் வெளியே போக ஆட்டோவுக்குச் செலவழிப்பதே அதைத் தாண்டிவிடும். தொகையை உயர்த்தக் கேட்டுப் பார்வையற்றோர் சங்கங்கள் திரும்பத் திரும்பத் தெருவுக்கு வருவதன் காரணம் இதுதான். அவர்கள் கேட்பது சரிதான்.

பயணச் சலுகை சின்னதாகத் தெரிந்தாலும் மாதக் கணக்கில் நல்ல பணம். சென்னையில் சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் அடையாள அட்டையைக் காட்டினால் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருபவருக்கும் 2021 முதல் டிக்கெட் இல்லை. வெளியூர் போகும் அரசுப் பேருந்தில் கால் பங்குக் கட்டணம் கொடுத்தால் போதும், அட்டையின் நகல் ஒன்றைக் கண்டக்டரிடம் தர வேண்டியிருக்கும், நாலைந்து நகல்கள் பையில் இருக்கட்டும். ரயிலில் சலுகை தாராளம்: ஸ்லீப்பர், மூன்றாம் ஏசியில் 75 சதவீதம், இரண்டாம் ஏசி, முதல் ஏசியில் 50 சதவீதம், துணைக்கு வருபவருக்கும் அதே அளவு. ஆனால் முழுவதும் பார்வை இல்லாதவர்களுக்கு மட்டும். உங்கள் அப்பா போன்ற குறைந்த பார்வைக்காரர்களுக்கு ரயிலில் இப்போது ஒன்றும் இல்லை.

மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பணமாக இல்லாமல் பொருளாக நிறைய கிடைக்கும். மடக்குக் குச்சி, கறுப்புக் கண்ணாடி, பிரெயில் கைக்கடிகாரம், குறைந்த பார்வைக்கான உருப்பெருக்கி, திரையைப் படித்துச் சொல்லும் செயலியோடு ஸ்மார்ட்போன். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கே பார்வை குறைவு என்றால் வருடாந்திரக் கல்வி உதவித்தொகையும், பாடத்தை வாசித்துக் காட்டுபவருக்கான தொகையும் உண்டு. உயர்கல்வியில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீத இடம், அரசு வேலையில் 4 சதவீதம், அதில் 1 சதவீதம் பார்வை குறைபாட்டுக்கென்றே. பார்வையற்றவரைப் பார்வையுள்ளவர் மணந்தால் 25,000 ரூபாயும் 8 கிராம் தங்கக் காசும், பட்டமோ டிப்ளமாவோ முடித்திருந்தால் 50,000 ரூபாயும் அதே தங்கமும். வேலை தேடும் இளைஞர்கள் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஒரு வருடம் ஆனபின் உதவித்தொகை கேட்கலாம்: பத்தாம் வகுப்புவரை மாதம் 600, பன்னிரண்டாம் வகுப்புக்கு 750, பட்டதாரிக்கு 1,000, பத்து ஆண்டுகள் வரை.

இனி உங்கள் சம்பளம். பழைய வரி முறையில் இருப்பவர்கள், தங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்காக 80டிடி பிரிவில் 75,000 ரூபாய் கழித்துக்கொள்ளலாம், சதவீதம் 80ஐத் தொட்டால் 1,25,000. உண்மையில் எவ்வளவு செலவானது என்று பில் காட்ட வேண்டியதில்லை. பார்வை இழந்தவரே சம்பாதிப்பவராக இருந்தால் அதே தொகை 80யு பிரிவில். புதிய முறையில் இந்தக் கழிவு இரண்டுமே இல்லை. புதிய முறையில் 2025-26 முதல் 12 லட்சம்வரை எப்படியும் வரி வராது என்பதால், உங்கள் வருமானம் அதற்குள் என்றால் இதற்காகப் பழைய முறைக்கு மாறி அலைய வேண்டாம். பார்வையற்ற ஊழியருக்குக் கம்பெனி தரும் போக்குவரத்துப் படியில் குறிப்பிட்ட தொகை வரை மட்டும் இரண்டு முறையிலும் வரி கிடையாது.

அப்பாவின் ஊனச் சதவீதத்தை ஒருமுறை வாங்கியதோடு விட்டுவிடாதீர்கள். க்ளாகோமா நிற்காமல் போகும் நோய். இன்று 15 டிகிரி என்றால் 70 சதவீதம். இரண்டு மூன்று வருடத்தில் புலம் பத்துக்குக் கீழே போனால் 90. அப்போது அவர் சட்டப்படி குறைந்த பார்வைப் பிரிவிலிருந்து பார்வையின்மைப் பிரிவுக்கு மாறுகிறார், வரிக்கழிவும் கூடுகிறது. ஆண்டுக்கு ஒருமுறையாவது புலப் பரிசோதனை செய்து பிரிண்டை வைத்துக்கொள்ளுங்கள். மாற்றம் தெரிந்தால் மறுமதிப்பீடு கேளுங்கள். சொட்டு மருந்தையும் ஒருநாள்கூட விடக் கூடாது. போன பார்வை திரும்பாது, மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற அதுதான் இருக்கிறது. உங்களுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் கண் பிரஷர் பார்த்தாயிற்றா? குடும்பத்தில் வரக்கூடிய நோய் இது, பார்த்துவிடுங்கள்.

ஓய்வூதியம் வரும் பேங்க் கணக்கு அப்பா பெயரில் இருக்கட்டும். பார்வை இல்லாதவருக்கு ஏ.டி.எம். கார்டு, செக்புக் தர மாட்டோம், கூட்டுக் கணக்குதான் என்று கவுன்டரில் சொன்னால், அப்படி மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008லேயே உத்தரவு போட்டிருக்கிறது என்று சொல்லுங்கள். தாலுகா ஆபீஸ் வாசலில் "நான் முடிச்சுத் தர்றேன்" என்று வருபவருக்கு ஒரு ரூபாயும் தராதீர்கள். இ-சேவைக் கட்டணத்தைத் தவிர இதில் எங்கும் செலவே கிடையாது. விண்ணப்பம் தள்ளுபடி ஆனால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். காரணம் சொல்லாமல் கிடப்பில் போட்டால் விண்ணப்ப எண்ணோடு முதல்வரின் உதவி எண்ணான 1100க்குப் பேசிப் புகார் எண் வாங்குங்கள். அதிலும் நகரவில்லையென்றால் ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகையில் ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்கு அப்பாவையே அழைத்துப் போய் மனு கொடுங்கள். அதற்கும் மேலே, மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் 2016 சட்டத்தின் கீழ் புகார் தரலாம், காமராசர் சாலையில் லேடி வெலிங்டன் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது அந்த அலுவலகம்.